முற்றத்தை நடந்து கடந்த வாள்வீரர்

காலை ஏழரை மணிக்கு லியூ நாச்சியார் வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்றாம் மாடியிலிருந்து வழக்கம்போலக் கீழே குதித்தாள். தரைக்கு வந்து சேர மூன்று விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, கூடையோடு இரண்டாம் மாடிக்கு எம்பிக்கொண்டிருந்த கீரைக்காரரிடம், "இன்னிக்கு வேண்டாம்ணே, நாளைக்குக் குடுங்க" என்றும் சொல்லிவிட்டாள்.

வெண்குகை நகரத்தில் மாடிப்படிகள் கிடையாது. நிலவில் எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடித் தீர்ந்த ஒரு பெரிய குகைக்குள் காற்றை நிரப்பி, வெளிச்சம் போட்டு, ஊராக்கியிருந்தார்கள். எல்லாம் பூமியைப் போலத்தான். எடை மட்டும் ஆறில் ஒரு பங்கு. குகையைச் செப்பனிட நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வந்த சீனத் தொழிலாளர்களும் தமிழ்த் தொழிலாளர்களும் ஊர் திரும்பாமல் அங்கேயே சம்பந்தம் செய்துகொண்டார்கள். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு முன்பாதி சீனப் பெயர், பின்பாதி தமிழ்ப் பெயர். காலையில் நூடுல்ஸுக்குத் தேங்காய்ச் சட்னி தொட்டுக்கொள்வார்கள். இரண்டு தரப்பும் ஒன்றுசேர்ந்து பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற ஒரே சொத்து சினிமா: பட்டுடை படபடக்க, மூங்கில் உச்சியில் ஒற்றைக் காலில் நின்று வாள் வீசும் பழைய சீனச் சண்டைப் படங்கள். எல்லாம் தமிழில் குரல் மாற்றப்பட்டவை.

நாச்சியாரின் கவலையும் அங்கேதான் இருந்தது. ஊரின் ஒரே திரையரங்கை நடத்துபவளும் அவள்தான், அதில் ஓடும் படங்களை எடுப்பவளும் அவள்தான். இதுவரை மூன்று வாள் படங்கள் எடுத்திருந்தாள். மூன்றும் மண்ணைக் கவ்விவிட்டன. மூன்றாவது படத்தில் கதாநாயகி ஏரியைத் தாண்டி, கோபுரத்தைத் தாண்டி, பகைவர் நாற்பது பேரின் தலைமேல் பறந்தாள். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கொட்டாவி விட்டபடி, "எங்க சித்தி தயிர் வாங்கப் போற மாதிரி இருக்கு" என்றாள். அரங்கம் மொத்தமும் சிரித்தது. அடுத்த படமும் ஓடாவிட்டால் அரங்கைக் காளான் பண்ணையாக மாற்றிவிடுவோம் என்று நகரசபை சொல்லிவிட்டது.

ஆனால் நாச்சியார் ஒன்றைக் கவனித்திருந்தாள். பழைய பூமிப் படங்களைப் போடும்போது, வீரர்கள் பறக்கும் காட்சிகளில் ஜனங்கள் அலுப்போடு உட்கார்ந்திருப்பார்கள். நடுவே மழை பெய்யும். துளிகள் சடசடவென்று நேராக வந்து தரையில் அறையும். அப்போது அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். யாராவது ஒரு கிண்ணத்தைத் தவறவிட்டால், அது பட்டென்று விழுந்து உடைந்தால், அந்த இடத்தில் விசில்.

விழுவதைப் பார்க்கத்தான் இவர்கள் வருகிறார்கள் என்று அவளுக்கு உறைத்தது. வீரன் பறக்க வேண்டாம், நடந்தால் போதும்.

பூமியில் நடிகர்களைக் கம்பி கட்டி மேலே தூக்கினார்கள். நாச்சியார் கீழே இழுக்க ஏற்பாடு செய்தாள். சல்லடைபோல் துளையிட்ட மேடை, அதன் அடியில் இருபது பேர், நடிகரின் இடுப்பிலும் தோளிலும் குதிகாலிலும் கட்டிய மெல்லிய வடங்கள். அவற்றுக்கு இழுவடம் என்று பெயர் வைத்தாள். அங்கியின் ஓரத்தில் இரும்பு மணிகள் தைத்து, மேடைக்கடியில் காந்தம் வைத்தாள். தேநீரில்கூட இரும்புத்தூள் கலந்தாயிற்று. படத்தின் பெயர் ‘நிலம் அதிரும் வாள்’.

முதல் நாள் ஒத்திகையிலேயே எல்லாம் கெட்டது. கதாநாயகன் சாங் இளம்பரிதி முற்றத்தைக் கடந்து வந்தபோது, சுடுமணலில் மாட்டிக்கொண்ட கோழி மாதிரி இருந்தது. தப்பு அவன்மேல் இல்லை. மனிதர் எப்படி நடப்பார் என்று அந்த இருபது பேரும் சினிமா பார்த்துத்தான் படித்திருந்தார்கள். அந்தப் படங்களிலோ வீரர்கள் நடப்பதே இல்லை. மிதக்கிறார்கள், சறுக்குகிறார்கள், தண்ணீர்மேல் ஓடுகிறார்கள். பூமியில் எல்லாரும் இப்படித்தான் கடைக்குப் போவார்கள் என்று நம்பி, அந்தத் தாளத்தில் இழுத்திருக்கிறார்கள். நாலு நாள் தரையோடு மோதி முட்டி வீங்கிய இளம்பரிதி, "எனக்கு இந்த வித்தை வேண்டாம்க்கா" என்று சொல்லிவிட்டு ஒரே தாவில் வீடு போய்ச் சேர்ந்தான்.

அந்தச் சமயத்தில்தான் வில்லிவாக்கத்திலிருந்து ஏகாம்பரம் வந்து இறங்கினார்.

ஏகாம்பரத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. குடிநீர் வாரியத்தில் மீட்டர் கண்காணிப்பாளர். நல்ல தொந்தி. ஒன்பது வயதில் முதல் சீன வாள் படம் பார்த்தவர். பதினோராம் வயதில் பட்டுத்துணிக்குப் பதில் போர்வையைக் கட்டிக்கொண்டு, மர ஸ்கேலை உருவிக்கொண்டு மொட்டைமாடிச் சுவரிலிருந்து பறந்து, இடது கையை முறித்துக்கொண்டவர். கை கூடிவிட்டது, ஆசை ஆறவில்லை. வாளோடு ஒரே ஒருமுறை, கம்பி இல்லாமல், ஒரு படத்தில் பறந்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் வாழ்க்கையிடம் கேட்டது. நிலாப் பயணக் குலுக்கலுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் விடாமல் எழுதிப் போட்டு, கடைசியில் இருபத்தெட்டு நாள் அனுமதிச் சீட்டு கிடைத்தது.

கிளம்பும்போது மனைவி தையல்நாயகி வழியனுப்பினாள். "மூணு வருஷமா டாக்டர் தினம் அரை மணி நேரம் நடங்க நடங்கன்னு தலையால அடிச்சிக்கிறாரு. இங்கதான் கேக்கல. அங்க போயாவது கொஞ்சம் நடங்க."

"நிலாவுல யாராவது நடப்பாங்களாடி?" என்று சிரித்துக்கொண்டே போனார் மனிதர்.

ஆனால் விதிமுறை வேறாக இருந்தது. பூமியிலிருந்து வருகிறவர்கள் கூரையில் மண்டையை உடைத்துக்கொள்ளாமலிருக்க, முதல் மூன்று நாள் காந்தச் செருப்பு போட்டு, கடைவீதியின் இரும்புத் தடத்தில்தான் போகவேண்டும். ஏகாம்பரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, தொந்தி முன்னே போக, பொத் பொத்தென்று கடைவீதியில் நடந்தார். மேலே தாவிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே மாடிக் கம்பிகளைப் பிடித்துத் தொங்கினார்கள். பலகாரக் கடையில் எண்ணெய்ச் சட்டியை மறந்தார்கள். ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவளை இடித்து, "பாரேன், ரெண்டு காலும் மாறி மாறித் தரையிலயே இருக்கு!" என்றாள்.

நாச்சியார் மூச்சிரைக்க ஓடிவந்து, சரியாகச் சொன்னால் பறந்துவந்து, அவர் எதிரே இறங்கினாள்.

"ஐயா, நீங்க எங்க படத்துல நடக்கணும்."

ஏகாம்பரத்துக்குக் கடைசி வார்த்தை காதில் ஏறவில்லை. "படமா? என்ன படம் மேடம்?"

"வாள் படம். நீங்கதான் கதாநாயகன். கிழட்டு வாள்வீரன். இருபது வருஷம் கழிச்சு வில்லன் வீட்டுக்கு வர்றீங்க. வாசல்லேர்ந்து முற்றத்தைக் கடந்து அவன்கிட்டப் போறீங்க."

"பறந்து?"

"நடந்து."

ஏகாம்பரத்தின் முகம் வாடியது. "மேடம், நான் அம்பத்திரண்டு வருஷமா தரையிலயே கெடக்கறேன். அதுலேர்ந்து தப்பிச்சு நாலு லட்சம் கிலோமீட்டர் வந்தா, இங்கயும் நடங்கறீங்களே! எனக்கு ஒரு பறக்கிற சீன் குடுங்க. வாளோட, மூங்கில் தோப்புல. அப்புறம் நீங்க எவ்ளோ சொன்னாலும் நடக்கறேன்."

"பறக்கிறதா? அதை யாரு பாப்பாங்க?" என்றாள் நாச்சியார், உண்மையிலேயே புரியாமல்.

"நான் பாப்பேன் மேடம்."

அந்தக் குரலில் இருந்த ஏக்கம் அவளைத் தொட்டுவிட்டது. சரி என்றாள். பிறகு மரியாதைக்குக் கேட்டாள்: "ஊர்ல தினமும் நடப்பீங்களா?"

"பின்னே? காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம்" என்றார் ஏகாம்பரம். மனிதர் நல்லவர்தான். இந்த ஒன்று மட்டும் சுத்தப் புளுகு.

ஒத்திகை தொடங்கியது. அவருக்குக் கட்டிய இழுவடங்களை இருபது பேரும் கையில் பிடித்துக்கொண்டு, பக்தியோடு மேலே பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள் சென் மங்களம் கேட்டாள். "முதல்ல எந்தக் காலுங்க? குதிகால் மொதல்ல படுமா, விரல் மொதல்ல படுமா? அந்த நேரத்துல எதிர்க் கை எங்க இருக்கும்?"

ஏகாம்பரம் யோசித்தார். யோசித்ததும் நடை மறந்துபோயிற்று. வலது காலும் வலது கையும் ஒன்றாகப் போயின. இரண்டாவது எட்டில் குப்புற விழுந்தார். இருபது பேரும் நேர்மையாக இழுத்ததால் பூமியில் விழுவதைவிட நன்றாகவே விழுந்தார். இரண்டு நாள் இப்படியே போயிற்று. முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "வீட்டுல அவ சொன்னப்பவே நடந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

மூன்றாம் நாள் மங்களம் ஒரு தந்திரம் செய்தாள். ஒத்திகைக்கு நடுவில், "ஐயா, மின்சாரம் போயிருச்சு, வேலை நாளைக்குத்தான். அந்தப் பக்கம் நாற்காலி போட்டிருக்கு, போய் உக்காருங்க" என்றாள். ஏகாம்பரம் அலுத்துப்போய், தோளைத் தொங்கவிட்டு, தொந்தியைத் தடவிக்கொண்டு, நாற்பத்திரண்டு எட்டில் முற்றத்தைக் கடந்து, "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. கீழே இருந்த இருபது பேரும் அவர் உடம்பின் கனம் போன போக்கிலேயே வடத்தை விட்டு இழுத்துப் பழகிவிட்டார்கள். எல்லாருக்கும் கண் கலங்கியிருந்தது.

"இதுதாங்க நடை" என்றாள் மங்களம். அன்றிலிருந்து அவரை எல்லாரும் ஷிஃபு என்று அழைத்தார்கள். சீனப் படங்களில் மாணவர்கள் ஆசானை அழைக்கும் சொல் அது. ஏகாம்பரத்துக்கு உச்சி குளிர்ந்தது. அலுவலகத்தில் அவரை ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

இருபதாம் நாள் மூங்கில் தோப்புக் காட்சியும் வந்தது. நிலவில் மூங்கில் முப்பது மீட்டர், நாற்பது மீட்டர் என்று தாராளமாக வளர்கிறது. வெள்ளைப் பட்டங்கி, கையில் மெய்யான வாள். கம்பி இல்லை, வடம் இல்லை, அடியில் மெத்தைகூட இல்லை. ஏகாம்பரம் முழங்காலை மடக்கி ஒரு எம்பு எம்பினார். தரை விலகியது. அங்கி விரிந்தது. ஒரு மூங்கிலை உதைத்து அடுத்ததற்குப் போனார், அதை உதைத்து அதற்கடுத்ததற்கு. வளைந்த மூங்கில் அவரைத் திருப்பி வீசியது. நடுவானில் ஒரு சுற்றுச் சுற்றி வாளை வீச, ஏழெட்டு இலைகள் அறுந்து, அவசரமே இல்லாமல் அவரோடு சேர்ந்து மிதந்தன. அந்த இலைகளுக்கு நடுவே ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒன்பது வயதுக்காரராகிக் கத்தினார், சிரித்தார், அழுதார். இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

இறங்கியதும் ஆவலாகத் திரும்பிப் பார்த்தார். இருபது பேரும் வட்டமாக உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "முடிஞ்சுதா ஷிஃபு? வாங்க, ஆறிடப் போவுது" என்றாள் மங்களம்.

படம் இருபத்தேழாம் நாள் காலைக் காட்சியில் வெளியானது. அரங்கில் எள் போட்டால் விழாது. நிலவில் அது எப்படியும் மெதுவாகத்தான் விழும். நகரசபைக்காரர்கள் முன்வரிசையில் காளான் முகத்தோடு அமர்ந்திருந்தார்கள். நாச்சியார் கதவோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

திரையில் கிழட்டு வாள்வீரன் வாசலில் தோன்றினான். முதல் எட்டு. பொத். அரங்கத்தில் ஒரு பெருமூச்சு. இரண்டாவது எட்டு. அங்கியின் ஓரம் தரையைத் தொட்டுத் தொட்டு வந்தது. பத்தாவது எட்டில் விசில் கிளம்பியது. இருபதாவது எட்டில் ஜனங்கள் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். நாற்பத்திரண்டாவதில் அவன் வில்லன் எதிரே நின்று தேநீரை ஊற்றினான்; அது வளையாமல் நேரே கீழே பாய்ந்தது. வாளை நழுவவிட்டான், அது டணாரென்று விழுந்தது. பிறகு முக்காலியில் கனத்து உட்கார்ந்து, "அப்பாடா" என்றான். வில்லன் நடுங்கிப்போய்க் காலில் விழுந்தான். அரங்கமே எழுந்தது. அங்கே எழுந்தால் சாதாரணமாக எழமாட்டார்கள்; அறுநூறு பேரும் கூரை வரை போய்த் தட்டிவிட்டு, கைதட்டிக்கொண்டே மெல்ல இறங்கினார்கள். நகரசபைத் தலைவர் இறங்கும் வழியிலேயே, அரங்கம் அரங்கமாகவே இருக்கும் என்று நாச்சியாரிடம் கத்திச் சொன்னார். அவள் அழுதாள். கண்ணீர் மெதுவாக இறங்கியதால் நெடுநேரம் அழுததாகத் தெரிந்தது.

மூங்கில் தோப்புக் காட்சி தொடங்கியதும் கூட்டம் எழுந்து பலகாரம் வாங்கப் போயிற்று. காலி நாற்காலிகளுக்கு நடுவே ஏகாம்பரம் மட்டும் உட்கார்ந்து, வாய் திறந்தபடி தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சியார் அவர் எதிரே வந்து நின்றாள்.

"வருத்தமா ஷிஃபு?"

"சும்மா இருங்க மேடம், மறைக்குது" என்றார் அவர்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பினார். வில்லிவாக்கத்தில் அந்தக் காட்சியைத் தெருவில் எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். எதிர்வீட்டுத் தணிகாசலம் உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, "கிராபிக்ஸ் பரவால்ல சார். ஆனா கம்பியை அழிச்சது லேசாத் தெரியுது" என்றார். ஏகாம்பரம் அடித்துச் சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை. நடக்கும் காட்சியை அவர் யாருக்கும் காட்டவே இல்லை. அதில் காட்ட என்ன இருக்கிறது?

அங்கே வெண்குகையில் கதை வேறு. படம் நூறு நாள் தாண்டியது. பூங்காவில் இழுவடம் கட்டிய நடைக்கூடங்கள் முளைத்தன. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை நாற்பத்திரண்டு எட்டு நடந்து வந்து "அப்பாடா" என்று உட்கார வேண்டும் என்பது வழக்கமாயிற்று. ஆறு மாதம் கழித்து, ஷிஃபு தினமும் இரண்டு மணி நேரம் நடப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மூன்று பேர் பூமிக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் சென் மங்களமும் ஒருத்தி. நிலவில் பிறந்தவர்களுக்குப் பூமியின் கனம் தாங்காது. எலும்புகள் நொறுங்காமலிருக்க உடம்பெல்லாம் எஃகுச் சட்டம் மாட்டி, அதற்கே எட்டு மாதம் பயிற்சி என்றார்கள் மருத்துவர்கள். மங்களமும் மற்ற இருவரும் ஐந்தே மாதத்தில் முடித்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் மூன்று பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே போய்த் தொந்தரவு செய்ய அவர்களுக்கு மனம் வரவில்லை. கதவு திறந்தது. லுங்கியும் பனியனுமாக ஷிஃபு வெளியே வந்தார். கையில் பால் தூக்கு. அவர் இவர்களைக் கவனிக்கவில்லை. உள்ளேயிருந்து தையல்நாயகியின் குரல் கேட்டது. "நாலு வீடு தள்ளித்தானே கடை! நடந்துதான் போங்களேன்!"

மங்களம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஏகாம்பரம் ஸ்கூட்டரில் ஏறினார். பக்கத்துக் கடைக்குக்கூட அப்போது யாரும் நடப்பதில்லை; ஸ்கூட்டருக்குச் சக்கரமும் கிடையாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதக்கும். பித்தானை அழுத்தினார். லுங்கி படபடக்க, காலே தரையில் படாமல், நாலு வீடு தாண்டிப் போய் நின்று, இறங்காமலே தூக்கை நீட்டினார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூட வந்த ஒருவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. "நடக்கலையே!" என்றார்.

மங்களம் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. "எத்தனை படம் பாத்திருக்கோம்? உண்மையான ஷிஃபு தன் வித்தையைத் தெருவுல காட்டுவாரா? மறைச்சு வெச்சிருக்காரு. வாங்க, நாமளே போவோம்."

நடந்தார்கள். எஃகுச் சட்டம் முனக, முழங்கால் நடுங்க, ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு பெருமூச்சு விட்டு, அவர் சொல்லிக்கொடுத்த அதே தாளத்தில், நடுத்தெருவில் நடந்தார்கள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று மங்களம் எண்ணினாள்.

முதலில் தணிகாசலத்தின் ஜன்னல் திறந்தது. "ஏ, இங்க வந்து பாரு, நடக்கறாங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அடுத்து மொட்டைமாடிகளில் தலைகள் முளைத்தன. மிதந்துபோன வண்டிகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. கையில் கிடைத்த கருவிகளில் படம் பிடித்தார்கள். பத்தாவது எட்டில் யாரோ விசிலடித்தார்கள். இருபதாவதில் தெருவே சேர்ந்து எண்ணியது. தையல்நாயகி சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, மங்களத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் நடந்தாள். கைதட்டல் வானைப் பிளந்தது.

பால் கடை எதிரே ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். கூட்டம் மறைத்தது. ஏதோ பெரிய வித்தை நடக்கிறது என்று மட்டும் புரிந்தது. நன்றாகத் தெரியட்டும் என்று வண்டியை இன்னும் ஒரு சாண் உயர்த்திக்கொண்டார்.